மூணு புள்ளைக்கும் ஒரே வள்ளமா?

எங்க அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, களத்தில் கம்பு அளக்கும்போது வள்ளம் என்ற அளவுப்படியைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். பண்ணையக்காரருக்கும் அதே வள்ளம், கூலிக்கு வந்தவருக்கும் அதே வள்ளம். தானியத்துக்கு அது நியாயம்தான். அதையே நான் பிள்ளைகளிடம் செய்தேன், மூன்று பேரையும் ஒரே வள்ளத்தில் அளந்தேன், என் தவறுகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் கிளம்பியது என்று இப்போதுதான் புரிகிறது.

பல்லடம் பக்கம் இருக்கிறோம். பெரியவளுக்கு 7 வயசு, நடுவுலவனுக்கு நாலரை, சின்னவளுக்கு ஒரு வயசும் இரண்டு மாசமும். வீட்டுக்காரர் விசைத்தறிக்குப் போகிறார், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட் ஷிப்ட். அத்தை, அதாவது என் மாமியார், கூட இருக்கிறார். ஒரு பிள்ளை இருக்கும்போது எல்லாவற்றையும் படித்து, கேட்டு, அளந்து செய்தேன். மூன்று ஆனதும் யோசிக்கவே நேரம் இல்லை, ஒருத்திக்குச் செய்ததை மற்றவர்களுக்கும் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

காய்ச்சல் மருந்து

இதை முதலில் சொல்லக் காரணம், இதில்தான் நான் அதிகம் பயந்தேன். போன ஐப்பசி மழையில் மூன்று பேருக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ச்சல். வழக்கமாக வாங்கும் பாராசிட்டமால் சிரப் தீர்ந்துபோய், வீட்டுக்காரர் கடையில் வேறு ஒன்று வாங்கிவந்தார். ராத்திரி ரெண்டு மணி, சின்னவள் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, நான் எப்போதும் போல 5 மில்லி ஊற்றிக் கொடுத்துவிட்டேன். காலையில் வெளிச்சத்தில் பாட்டிலைப் பார்த்தால் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்று இருக்கிறது. பழைய பாட்டிலில் 5 மில்லிக்கு 125. அப்படியென்றால் 9 கிலோ குழந்தைக்கு ரெண்டு மடங்கு போயிருக்கிறது. டாக்டருக்கு போன் போட்டேன், ஒரு வேளைதான் என்பதால் பயப்பட வேண்டாம், அடுத்த வேளையைத் தள்ளிப் போடுங்கள், வாந்தி எடுத்தால் கூட்டிவாருங்கள் என்றார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாட்டிலைப் பார்க்காமல் ரெண்டு நாளைக்கு வேளாவேளைக்கு அப்படியே கொடுத்திருந்தால்? ஈரலைக் கெடுக்கிற மருந்து அது, அளவு மீறினால்.

விஷயம் இதுதான்: இந்த மருந்தை வயசைப் பார்த்துக் கொடுப்பதில்லை, எடையைப் பார்த்துத்தான். ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம், ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் வேண்டாம். அதைவிடப் பெரிய குழி சொட்டு மருந்தில் இருக்கிறது. கைக்குழந்தைக்கு என்று கொடுப்பதால் அது மென்மையான மருந்து என்று நினைக்கிறோம், உண்மையில் சொட்டு மருந்து ஒரு மில்லியிலேயே பெரும்பாலும் 100 மில்லிகிராம் இருக்கும், 125 சிரப்பில் ஒரு மில்லிக்கு 25தான். சொட்டு மருந்தை சிரப் அளவுக்கு ஊற்றினால் நாலு மடங்கு. இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொரு பாட்டிலிலும் பிளாஸ்திரி ஒட்டி, யாருக்கு எத்தனை மில்லி என்று பேனாவில் எழுதியிருக்கிறேன், கொடுத்த நேரத்தைக் காலண்டரில் குறிக்கிறேன். காலண்டர் எதற்கென்றால், நான் கொடுத்தது தெரியாமல் அத்தையும் ஒரு வேளை கொடுத்த கதை ஒன்று இருக்கிறது, அதை விடுங்கள். ஸ்பூனில் அளக்காதீர்கள், வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு, மருந்தோடு வரும் மூடியோ சிரிஞ்சோதான் சரி.

வயித்தால போனால்

ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு சர்க்கரைப் பொடி பாக்கெட்டைப் பிரித்து டம்ளருக்குக் கொஞ்சம், சொம்புக்குக் கொஞ்சம் என்று போடுவது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. பெரிய பாக்கெட் முழுசும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் ஒரே தடவையாகக் கலக்க வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் வருகிறது, அதனால் கவரைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். உப்பு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் பயனில்லை. கலந்தது 24 மணி நேரம்தான், அப்புறம் கீழே ஊற்றிவிட வேண்டும். ஒவ்வொரு தடவை போன பிறகும் 2 வயசுக்குக் கீழே என்றால் 50 முதல் 100 மில்லி, பெரிய பிள்ளைக்கு 100 முதல் 200. கூடவே டாக்டர் எழுதித் தரும் ஜிங்க் மருந்தை 14 நாளும் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே நின்றுவிட்டது என்று நாம் நிறுத்திவிடுகிறோம், அதுவும் தவறு. ஆரஞ்சு வாசத்தில் அட்டை டப்பாவில் விற்கும் இனிப்புத் தண்ணீரை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கிக் கொடுத்தவர்களில் நானும் உண்டு. அந்த மாதிரிப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது.

“பெரியவளுக்குச் செஞ்சோம், நல்லாத்தானே இருக்கா”

இது அத்தையின் வாதம். பதில் சொல்வது சிரமம், ஏனென்றால் பெரியவள் நல்லாத்தான் இருக்கிறாள். பிறந்ததும் நாக்கில் தேன் தடவினார்கள், மூக்கில் எண்ணெய் விட்டார்கள், வசம்பு உரைத்துக் கொடுத்தார்கள், கண்ணுக்கு மை, குளிப்பாட்டி முடித்ததும் சாம்பிராணிப் புகை. ஒரு பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவள் தப்பித்தாள் என்பதற்குத்தான் சாட்சி. ஒரு வயசு முடியும் வரை தேன் நாக்கில் படவே கூடாது, அதில் இருக்கும் கிருமியின் வித்து பிள்ளையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் விஷத்தை உண்டாக்கலாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகலாம். சில மைகளில் ஈயம் இருக்கிறது. நான் இதையெல்லாம் சொன்னபோது அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிராம செவிலியரம்மா திண்ணையில் உட்கார்ந்து, காப்பித்தண்ணி குடித்துக்கொண்டே, “ஏனுங்க ஆத்தா, இப்பெல்லாம் அது வேண்டாமுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னார், முடிந்தது. மருமகள் வாயிலிருந்து வந்தால் சண்டை, செவிலியரம்மா சொன்னால் தகவல். அப்படியே ஊசி அட்டையையும் அவரிடம் காட்டிச் சரிபாருங்கள். மூன்றாவது பிள்ளைக்கு 9 மாசத்து ஊசி வரைக்கும் ஞாபகம் இருக்கும், 16 மாசத்துக்கு மேல் வரும் பூஸ்டர்தான் நழுவும். எங்கள் பக்கம் புதன்கிழமை ஊசி போடும் நாள்.

நிலக்கடலையும் டிரம்மும்

கடலைக்காய் பறிக்கிற சீசனில் எங்கள் வீட்டு ஆசாரம், அதாவது கூடம், முழுக்கக் கடலைதான். பெரியவள் உரித்துத் தின்பாள், நடுவுலவன் பிடுங்கித் தின்பான், சின்னவள் கீழே சிந்தினதைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வாள். முழுப் பருப்பு 5 வயசுக்குக் கீழே இருக்கும் பிள்ளையின் மூச்சுக்குழலில் போய் அடைக்கும், கடலை மிட்டாயும் அப்படித்தான். நடுவுலவனும் இந்தக் கணக்கில் வருவான் என்பதை நான் மறந்தே போயிருந்தேன், பேச்சில் பெரிய மனுசன் மாதிரி இருப்பதால். கடலையே வேண்டாம் என்று சொல்லவில்லை, பொடித்து வெல்லத்தோடு பிசைந்து கொடுக்கலாம். மற்றபடி சின்னவளுக்குத் தனிச் சமையல் வேண்டாம். நாங்கள் தின்கிற அரிசிம்பருப்புச் சோற்றையே காரம் போடும் முன் எடுத்து, நெய் விட்டு, கையால் மசித்தால் போதும், மிக்சியில் கூழாக அடிக்க வேண்டியதில்லை.

தண்ணீர் எங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிசு. அதனால் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் மூன்று டிரம், ஒரு சிமெண்ட் தொட்டி, பாத்ரூமில் எப்போதும் நிறைந்த பக்கெட். டிரம்மைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறோம், ஆனால் நடை பழகும் பிள்ளைக்குப் பக்கெட்தான் எமன். தலை கனம் அதிகம், எட்டிப் பார்க்கும்போது கவிழ்ந்தால் எழத் தெரியாது, அடியில் நாலு விரல்கடை தண்ணீர் இருந்தாலே போதும். சத்தம்கூட வராது. பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு கொக்கி, டிரம்மின் மூடி மேல் ஒரு கல், இவ்வளவுதான் செலவு. அந்த மூடி டெங்கு கொசுவுக்கும் தடை. அது முட்டையிடுவது சாக்கடையில் அல்ல, நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் தண்ணீர் வரும் நாளில் டிரம்மின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிடித்தால் கணக்குச் சரியாக இருக்கும்.

ஒரே நாளில் செய்ய வேண்டியவை

வள்ளக் கணக்கு தவறு என்று இவ்வளவு நேரம் சொன்னேன் இல்லையா, இங்கே மட்டும் அது பாதி சரி. சிரங்கு, பேன், ராத்திரியில் ஆசனவாயில் அரிக்கிற கீரிப்பூச்சி, இந்த மூன்றில் எது ஒருத்தருக்கு வந்தாலும் வீட்டில் எல்லோரையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். நடுவுலவனுக்கு மட்டும் சிரங்குக்குக் களிம்பு தடவி, ஆறின பத்தாம் நாள் சின்னவளிடமிருந்து அவனுக்கே திரும்பி வந்து, மறுபடி தடவி, இப்படி ரெண்டு மாசம் ஓட்டினோம். நாள் ஒன்றுதான், அளவு ஒன்றல்ல: பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் 1 முதல் 2 வயசு வரை பாதி, அதாவது 200 மில்லிகிராம், அதற்கு மேல் முழு 400. துண்டு மட்டும் ஆளுக்கு ஒன்று.

“நீதானே கண்ணு பெரியவ”

இதைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகத்தான் இருக்கிறது. பெரியவளுக்கு ஏழு வயசுதான். சின்னவள் பிறந்த அன்றைக்கு அவள் ஆறு வயசில் ஒரே ராத்திரியில் பெரிய மனுசி ஆகிவிட்டாள். தொட்டிலை ஆட்டு, பால் பாட்டிலை எடு, தம்பிக்கு விட்டுக்கொடு, பாப்பாவைப் பார்த்துக்கோ. அவளும் செய்தாள், கெட்டிக்காரி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் பெருமைப்பட்டேன். ஒரு நாள் சின்னவள் படியில் விழுந்து உதடு கிழிந்தபோது அழுத பிள்ளையைத் தூக்கும் முன் நான் பெரியவளைப் பார்த்து, “நீ என்ன பண்ணீட்டு இருந்த?” என்று கத்தினேன். அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி முழுசும் பேசவில்லை, படுக்கும்போது, “அம்மா, நான் சின்னவளா பொறந்திருக்கலாம்” என்றாள்.

வேலை சொல்வது தவறில்லை. டம்ளர் எடுத்து வைக்கட்டும், பாப்பாவுக்குச் சட்டை எடுத்துத் தரட்டும். காவலுக்கு வைப்பதுதான் தவறு. பாப்பாவுக்கு ஏதாவது ஆனால் அதற்குப் பொறுப்பு பெரியவர்கள், ஏழு வயசுப் பிள்ளை அல்ல. இன்னொன்று, “விட்டுக் குடு” என்பதை எப்போதும் ஒரே ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, ஒப்புட்டு (போளி) சுட்டால் ஆளுக்கு ஒன்று என்று சமமாகக் கொடுத்துவிட்டு, பெரியவள் கையிலிருந்ததில் பாதியைத் தம்பிக்கு வாங்கிக் கொடுப்பது என்ன சமம்? இப்போது அவளுக்கென்று மேலே ஒரு அலமாரித் தட்டு இருக்கிறது, அதில் இருக்கும் கலர் பென்சிலை யாரும் தொடக்கூடாது, நான் உட்பட. ராத்திரி மற்ற ரெண்டும் தூங்கின பிறகு பத்து நிமிசம் அவள் தலையைக் கோதிக்கொண்டு அவள் பேசுவதைக் கேட்கிறேன். சில நாள் நான்தான் முதலில் தூங்கிவிடுகிறேன்.

அப்பா தூங்குறார், சத்தம் போடாதீங்க

நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் காலையில் வந்து படுப்பார். மூன்றையும் அடக்க நான் கண்ட வழி செல்போன். ஆளுக்கு ஒரு பாட்டு, கார்ட்டூன், வீடே அமைதி. ஒரு வயசுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயசு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் பெரியவள் பார்க்கும் நேரம்தான் கைக்குழந்தை பார்க்கும் நேரமாகவும் இருந்தது, ஒரே திரையை மூன்று பேர் பார்த்தால் யாருக்கென்று கணக்கு வைப்பது? அப்புறம் ஒரு நாள் சார்ஜ் போய் மூன்றும் கூரை பிய்க்கிற மாதிரி கத்தின பிறகு ஓடிப் போய் உள்ளறையைப் பார்த்தால், மனுசன் அசையாமல் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். ராத்திரி முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்கிறவருக்கு இதெல்லாம் சத்தமே இல்லை. இத்தனை மாசமும் எனக்கு நானே போட்ட சட்டம் அது. இப்போது காலை வெயில் ஏறும் முன் வாசல் வேப்பமரத்தடியில் விட்டுவிடுகிறேன், மண், ரெண்டு பழைய டம்ளர், உரிக்க அவரைக்காய். சட்டை அழுக்காகும், ஆகட்டும்.

அம்மா தின்கிற மிச்சம்

மூன்று தட்டில் மிச்சமானதை வழித்துத் தின்றுவிட்டு, நான் சாப்பிட்டாச்சு என்று சொல்வது. இதை எல்லா அம்மாக்களும் செய்கிறோம், சிக்கனம் என்றுகூட நினைக்கிறோம். எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 9. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை போட வேண்டும் என்று கொடுத்திருந்தார்கள், நான் அதைப் பிள்ளை பிறந்த மாசமே அலமாரியில் வைத்துவிட்டேன். மறுபடி ஆரம்பித்தபோதும் டீயோடு போட்டுக்கொண்டிருந்தேன், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது என்று செவிலியரம்மா திட்டின பிறகு எலுமிச்சைத் தண்ணியோடு. காலைச் சாப்பாட்டைத் தனியாக ஒரு தட்டில் போட்டு, உட்கார்ந்து தின்கிறேன். அதற்குப் பதினோரு மணி ஆகிவிடுகிறது. சின்னவள் மடியில் ஏறி அதிலும் ரெண்டு வாய் வாங்கிக்கொள்கிறாள், அதனால் இப்போது ஒரு கரண்டி சேர்த்தே போட்டுக்கொள்கிறேன்.