கப் என்றால் எந்தக் கப்? அமெரிக்கா வந்த புதிதில் அரிசி, பருப்பு, மாவு அளக்க

ஊர் அரிசியே வாங்கியும் சோறு ஒருநாள் குழைந்து, மறுநாள் விறைத்துப் போனால் முதலில் கப்பைப் பாருங்கள். இங்கே கடையில் விற்கும் அளவுக் கப் ஏறத்தாழ 240 மி.லி. பிடிக்கும். ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மி.லி. ஆஸ்திரேலியாக்காரர் எழுதிய குறிப்பு என்றால் கப் 250 மி.லி.

குக்கர் பாத்திரத்துக்குள் இருக்கும் கோடுகள் அந்தக் குட்டிக் கப்புக்கு உரியவை. பெரிய கப்பால் இரண்டு கப் அரிசி போட்டு 2-ம் கோடு வரை தண்ணீர் விட்டால், குக்கர் கணக்கில் அது இரண்டரைக் கப்புக்கும் மேல். தண்ணீர் போதாமல் சோறு நறுக்கரிசியாக நிற்கும். குட்டிக் கப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புழுங்கலரிசிக்குக் கோட்டையும் தாண்டித் தண்ணீர் வேண்டும்.

அரிசியின் எடைக்கு ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள்: தலைதட்டி அளந்த 250 மி.லி. அரிசி சுமார் 200 கிராம். ஆக, கிலோவுக்கு ஐந்து கப். 240 மி.லி. கப்பில் 190 கிராம் வரும், குக்கர் கப்பில் 150. துவரம்பருப்பும் உளுந்தும் ஏறக்குறைய இதே கனம்தான். அதனால்தான் இட்லிக்கு 4-க்கு 1 என்று கப்பில் போட்டாலும் எடையில் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. 20 பவுண்டு மூட்டை 9.07 கிலோ, குக்கர் கப்பில் 60. நாளுக்கு இரண்டு கப் என்றால் ஒரு மாதம் ஓடும்.

தண்ணீரில்தான் பலரும் தவறுகிறார்கள். “ஒன்றுக்கு இரண்டரை” என்பது கப் கணக்கு. தராசு வாங்கிய உற்சாகத்தில் 200 கிராம் அரிசிக்கு 500 கிராம் தண்ணீர் விட்டால் அது ஒன்றுக்கு இரண்டுதான். 200 கிராம் அரிசி 250 மி.லி. இடத்தை அடைக்கும், அதற்கு இரண்டரை மடங்கு 625 மி.லி. அவுன்ஸும் இப்படித்தான் ஏமாற்றும். கப்பில் 8 அவுன்ஸ் என்று போட்டிருப்பது தண்ணீர் போன்றவற்றின் கொள்ளளவு. அதே கப் நிறைய அரிசி போட்டால் எடை 7 அவுன்ஸைத் தொடாது.

மாவை மட்டும் கப்பை நம்பி அளக்காதீர்கள். மைதாவைக் கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் கப்புக்கு 120 கிராம். கப்பையே பைக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 வரை போகும். நாலு கப்பில் 120 கிராம், அதாவது ஒரு முழுக் கப் மாவு, கூடிவிடும், கேக் கல்லாகும்.

தராசு இல்லாவிட்டால் பாக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். அரிசிப் பையில் “கால் கப், 45 கிராம்” என்று பெரும்பாலும் இருக்கும். நாலால் பெருக்கினால் 180. தோராயமாகப் போடுவதால் சற்றுக் குறைத்துக் காட்டும். அன்றாடச் சமையலுக்கு அது போதும்.

உப்பிலும் கவனம் வேண்டும். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். இங்கே கிடைக்கும் கோஷர் உப்பு பருவெட்டாகவோ செதிலாகவோ இருப்பதால், பிராண்டைப் பொறுத்து அதே டீஸ்பூனில் 3 முதல் 5 கிராம்தான் நிற்கும். அதைப் பழகிய கையோடு தூள் உப்புக்கு மாறினால் சாம்பார் கரிக்கும்.

வீட்டில் சொல்லும் அளவு ஆழாக்கு என்றால் வேறு வழி. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறும். அம்மாவிடம் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரை அந்த ஆழாக்கில் ஊற்றி எண்ணச் சொல்லுங்கள். ஆறு முறை வந்தால் ஆழாக்கு சுமார் 165 மி.லி. இங்கே ஓர் எவர்சில்வர் டம்ளரைத் தராசில் வைத்து, பூச்சியமாக்கி, 165 கிராம் தண்ணீர் விட்டு, அது நிற்கும் இடத்தில் உட்புறம் ஆணியால் ஒரு கீறல் போடுங்கள். அதுவே இனி உங்கள் வீட்டு ஆழாக்கு.