வால்டார்ஃப் பள்ளியின் நடுநிலை வகுப்புகளில் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளோடு ஒரே வகுப்பாசிரியர் எட்டாம் வகுப்பு வரை கூடவே ஏறி வருவது வால்டார்ஃப் பள்ளிகளின் மரபு. 1919ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில், வால்டார்ஃப்-அஸ்டோரியா சிகரெட் ஆலையை நடத்திய எமில் மோல்ட் தம் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளி ஒன்றைத் தொடங்க, அதற்கு ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டெய்னர் வகுத்துத் தந்த முறையே இது. இந்த மரபின் பலம் எதுவோ, அதுவே ஆறாம் வகுப்பில் இடறலாகவும் மாறுகிறது. ஐந்தாண்டுகளாகக் கதை சொல்லியும், கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் படம் வரைந்தும், நீர்வண்ணத்தைத் தாளில் பரவவிட்டும் வெற்றி கண்ட ஆசிரியர், பன்னிரண்டு வயதைத் தொட்டுவிட்ட பிள்ளைகளிடமும் அதையே தொடர்கிறார். அந்த வயதில்தான் காரண காரியத் தேடல் விழிக்கிறது என்று கருதிய ஸ்டெய்னர், இயற்பியலை ஆறாம் வகுப்பில் தொடங்கச் சொன்னார். நான் பட்டியலிட விரும்பும் தவறுகளில் பெரும்பாலானவை, கலைக்கு இந்த வயதில் வேறொரு வேலை இருக்கிறது என்பதைக் கவனிக்காததால் வருபவை.

முதலாவது, பலகையைப் பார்த்து எழுதும் பழக்கம். நாள்தோறும் காலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நடக்கும் முதன்மைப் பாடத்தில், ஒரே பொருளை மூன்று நான்கு வாரங்களுக்குத் தொடர்ந்து கற்பிக்கிறார்கள். பாடநூலை நம்பியிராமல், கோடிடாத தாள்களில் பிள்ளைகள் தாங்களே எழுதி வரையும் நோட்டுதான் அவர்களது பாடநூல். சிறு வகுப்புகளில் ஆசிரியர் எழுதியதைப் பார்த்து எழுதுவது இயல்பு. ஏழாம் வகுப்பிலும் இருபத்தைந்து நோட்டுகளும் ஒரே வாசகத்தோடும் ஒரே படத்தோடும் இருந்தால், அவை அழகாக இருக்கலாம், ஆனால் எழுதியவர் ஒருவர்தான். பெற்றோர் பார்வையிடும் நாளில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற ஆசையே பெரும்பாலும் இதற்குக் காரணம். பலகையைத் துடைத்துவிட்டு, முந்தைய நாள் கேட்டதை மறுநாள் வாய்மொழியாக மீட்டுச் சொல்லச் செய்து, வரைவு எழுதித் திருத்திய பிறகு நோட்டில் ஏற்றச் செய்தால், பக்கங்கள் பாதியாகக் குறையும். எழுத்துப் பிழைகளும் கண்ணில் படும். அந்த இழப்பை ஆசிரியர் துணிந்து ஏற்க வேண்டும்.

இரண்டாவது தவறு, கலையைப் பாடத்தின் மேல் ஒட்டும் ஜிகினாவாக எண்ணுவது. இதை ஆறாம் வகுப்பு வடிவியலைக் கொண்டு சொல்வது எளிது. கவராயத்தால் ஒரு வட்டம் வரைந்து, அதே ஆரத்தைச் சுற்றிலும் அடியெடுத்து வைத்தால் சரியாக ஆறு அடிகளில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். ஒவ்வொரு பகுதியையும் இருகூறாக்கினால் 12, மீண்டும் இருகூறாக்கினால் 24 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் இணைக்கும் பயிற்சி இப்பள்ளிகளில் பரவலாக வழக்கில் உள்ளது. முடிந்த படம் வாசல் கோலத்தையும் தோற்கடிக்கும். வண்ணம் தீட்டிச் சுவரில் மாட்டிவிட்டு ஆசிரியர் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார். அங்கேதான் பாடம் நழுவுகிறது. மொத்தம் எத்தனை கோடுகள் என்று கேட்டிருக்கலாம். எண்ணத் தொடங்கும் பிள்ளை சிறிது நேரத்தில் சலித்து, வேறு வழி தேடும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் 23 கோடுகள். 24 புள்ளிகளுக்கு 552. ஆனால் ஒவ்வொரு கோட்டையும் இருமுறை எண்ணியிருக்கிறோம், ஆகவே 276. இதைத் தானே கண்டடைந்த பிள்ளைக்கு ஏழாம் வகுப்பில் இயற்கணிதம் வரும்போது, 24 என்ற இடத்தில் ஓர் எழுத்தை வைப்பது ஏன் என்று விளக்கவே வேண்டியதில்லை. யாரும் வரையாத வட்டங்கள் படத்தின் உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாகத் தோன்றுவது எப்படி என்பது அடுத்த கேள்வி. கவராயம் அரை மில்லிமீட்டர் வழுக்கினால் ஆறாவது அடி தொடங்கிய புள்ளியில் விழாது என்பதால், பிழையைப் படமே சொல்லிவிடும். சிவப்பு மைக்கு வேலையில்லை. கலை இங்கே கணக்குக்கு அலங்காரமாக இல்லை, கணக்கைச் செய்யும் கருவியாக இருக்கிறது.

ஏழாம் வகுப்பின் தொலைநோக்குக் காட்சி ஓவியத்தையும் (தொலைவில் உள்ளவை சிறுத்துத் தெரியும்படி வரைவதையும்) இப்படியே பார்க்க வேண்டும். மறுமலர்ச்சிக் கால ஃப்ளாரன்ஸில் கட்டடக் கலைஞர் புரூனலெஸ்கி போன்றோர் கட்டடங்களை ஒரு மறைபுள்ளியை நோக்கிக் குவியும் கோடுகளாகக் கண்டதை வரலாற்றுப் பாடத்தில் சொல்லிவிட்டு, ஓவியத்தை வேறொரு மாதத்தில் வேறொருவர் கற்பித்தால் இரண்டும் தனித்தனியே கிடக்கும்.

மூன்றாவது, அறிவியலில் விளக்கத்தை முன்னே வைப்பது. உலோகத் தகட்டின் மேல் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்தால் மணல் விலகி வடிவங்களாகக் கூடும்; கிளாட்னி வடிவங்கள் எனப்படும் இவற்றை ஆறாம் வகுப்பு ஒலியியலில் காட்டுவார்கள். ‘அதிராத இடங்களில் மணல் தங்குவதை இப்போது பார்க்கப் போகிறீர்கள்’ என்று சொல்லிவிட்டு வில்லை எடுக்கும் ஆசிரியர், சோதனையை வெறும் சாட்சியாக்கிவிடுகிறார். முதல் நாள் சோதனையும் உற்றுநோக்கலும், மறுநாள் நினைவிலிருந்து வரிசையாக மீட்டுச் சொல்லி அதிலிருந்து கருத்தைத் திரட்டுவதும்தான் முறை. சுண்ணாம்புக் கல்லைச் சூடேற்றி, நீர் ஊற்றி நீற்றி, தெளிந்த சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதி, அது பால்போல் கலங்குவதைக் காணும் ஏழாம் வகுப்பு வேதியியல் சுழற்சியையும் இப்படியே நடத்தலாம். (தமிழில் ‘நீற்றுதல்’ என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே பாதிச் சோதனை இருக்கிறது.) கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி இல்லாமல் எந்தச் சோதனையையும் தொடங்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன், தேவையிருக்கிறது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: வியப்போடு நிறுத்திக்கொண்டு கருத்துக்கு வராமலே போவது. முப்பட்டகத்தின் வழியே வெள்ளைச் சுவரைப் பார்த்தால் சுவர் வெள்ளையாகவே இருக்கும். இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்பில் மட்டுமே நிறங்கள் எழும். ஜெர்மன் கவிஞர் கோதே 1810இல் வெளியிட்ட நிறக் கோட்பாட்டிலிருந்து வந்த இந்த உற்றுநோக்கல் அருமையானது. ஆனால் இதைக் காட்டி, வெள்ளொளி பல நிறங்களின் கலவை என்ற நியூட்டனைக் கோதே வீழ்த்திவிட்டதாக வகுப்பில் சொல்வது தவறு. உற்றுநோக்கும் பழக்கத்துக்குக் கோதே போதும். ஒளிவிலகலைக் கணக்கிட நியூட்டன் வழிதான் உதவும்.

ஸ்டெய்னரின் சொற்பொழிவுகளை வேதவாக்காக எடுத்துக்கொள்வதும் இதோடு சேர்ந்ததே. இனங்களைப் பற்றி அவர் கூறிய சில கருத்துகள் ஏற்கத்தக்கவை அல்ல. ஜெர்மன் வால்டார்ஃப் பள்ளிகளின் கூட்டமைப்பே 2007ஆம் ஆண்டின் ஷ்டுட்கார்ட் அறிக்கையில் பாகுபாட்டை மறுத்து, அவரது எழுத்துகளில் அத்தகைய வாசகங்கள் இருப்பதை ஒப்புக்கொண்டது. அவர் எடுத்தாண்ட நால்வகை மனப்பாங்குகளைக் (சினம், துடிப்பு, மந்தம், சோகம்) கொண்டு பிள்ளைகளை முத்திரை குத்துவதும் வேண்டாம். பதின்மூன்று வயதுப் பெண்ணின் மௌனத்துக்கு ஆயிரம் காரணங்கள் இருக்கும்.

கணிதத்தை முதன்மைப் பாடத் தொகுதிக்குள் மட்டுமே அடைப்பது சிறியதாகத் தோன்றும் பெருந்தவறு. மூன்று வாரம் நடத்திவிட்டு இரண்டு மாதம் விட்டால் சதவீதம் மறந்துவிடும்; வாரந்தோறும் தனிப் பயிற்சி வேளைகள் கட்டாயம். எல்லாவற்றையும் தாமே கற்பிக்க வேண்டும் என்ற வகுப்பாசிரியரின் பிடிவாதமும் இங்கே தளர வேண்டும். சில பள்ளிகள் வகுப்பாசிரியரின் காலத்தை ஆறாண்டாகச் சுருக்கியிருப்பதில் நியாயம் உண்டு. சுருக்காத பள்ளியிலும் இயற்கணிதத்தையோ வேதியியலையோ அதில் தேர்ந்தவரிடம் ஒப்படைக்கலாம்.

எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து மேடையேற்றும் நாடகம் வேறு வகைச் சிக்கல். ஒத்திகை மெல்ல மெல்லக் காலைப் பாடத்தைத் தின்று, வரலாற்றுப் பாடத்தின் தொழிற்புரட்சி மூன்று நாள் கதையாகிவிடும். நாடகத்துக்கென வாரங்களை ஆண்டின் தொடக்கத்திலேயே ஒதுக்கி, அந்த வேலியைத் தாண்டாமல் இருப்பது ஒன்றே வழி.

கடைசியாக மதிப்பீடு. மதிப்பெண்ணுக்குப் பதிலாகச் சொற்களில் அறிக்கை எழுதும் இப்பள்ளிகளில், ‘இவள் ஒளிமிகுந்த மனத்தோடு வகுப்பை நிறைக்கிறாள்’ என்று எழுதிக் கையொப்பமிடுவது எளிது. எட்டாம் வகுப்போடு முடியும் பள்ளியிலிருந்து வேறு உயர்நிலைப் பள்ளிக்குப் போகவிருக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு அதனால் ஒன்றும் தெரியாது. ‘பின்னங்களை வகுக்கும்போது தலைகீழாக்குவது ஏன் என்று தெரியாமல் செய்கிறாள், வடிவியலில் நிறுவல்களைத் தானே தொடங்குகிறாள், கட்டுரையில் இரண்டாவது பத்திக்குப் பிறகு பொருளை விட்டு விலகுகிறாள்’ என்று எழுத வேண்டுமானால், ஆசிரியர் ஆண்டு முழுவதும் தேதியிட்டுக் குறிப்பு வைத்திருக்க வேண்டும்.