ரைன் கரையிலுள்ள பாகராக் ஊரைச் சுற்றிப் பார்க்கும் முறை

ஜெர்மனியிலுள்ள பாகராக்கிற்கு மைன்ஸ் நகரிலிருந்து ரயிலில் செல்வதே நல்லது. விரைவு ரயில்கள் அங்கே நிற்பதில்லை என்பதால், கோப்லென்ஸ் நோக்கிச் செல்லும் வட்டார ரயிலில் ஏறி வலப்புற இருக்கையில் அமருங்கள். பிங்கன் தாண்டியதும் ரைன் ஆறு சன்னலை ஒட்டியே ஓடிவரும். அந்த இடத்தில் ஆற்றுக்குள் நீண்டிருந்த பாறைத் தடையைப் பெரிய கப்பல்களால் கடக்க முடியாத காலத்தில், சிறு படகுகளில் வந்த திராட்சை மது பாகராக்கில்தான் பெரிய கப்பல்களுக்கு மாற்றப்பட்டது. இச்சிற்றூருக்கு இத்தனை செல்வம் வந்த வழி அதுவே.

இறங்கியவுடன் கடைத்தெருவுக்குள் நுழைந்துவிடாமல், முதலில் திராட்சைச் சரிவில் நிற்கும் பழைய காவற்கோபுரத்திற்கு ஏறுங்கள். சிலேட்டுக் கற்கள் காலடியில் நொறுங்கும் செங்குத்தான பாதை என்பதால் நல்ல காலணி அவசியம். மதில், கூரைகள், ஆறு ஆகிய மூன்றும் ஒருசேரத் தெரிவது அங்கிருந்துதான். ஊரின் அமைப்பு மனத்தில் பதிந்தபின் தெருக்களில் நடப்பது தனி இன்பம். கீழே, 1368ஆம் ஆண்டைச் சேர்ந்த மரச்சட்ட வீட்டின் முன் சற்று நின்று, குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்த கருமரங்களையும் அவற்றுக்கிடையே பூசப்பட்ட வெண்சுவரையும் நிதானமாகப் பாருங்கள்.

தேவாலயத்தின் பின்புறப் படிகளில் ஏறினால், கூரையும் கண்ணாடியும் இன்றிச் செந்நிற மணற்கல்லில் நிற்கும் வெர்னர் சிற்றாலயம் வரும். 1689இல் பிரெஞ்சுப் படையினர் மேலேயுள்ள ஷ்டாலெக் கோட்டையைத் தகர்த்தபோது இதுவும் சிதைந்தது. அதன் அழகை மட்டும் படமெடுத்துத் திரும்பிவிடாதீர்கள். 1287இல் வெர்னர் என்ற சிறுவன் இறந்துகிடந்தபோது யூதர்கள்மீது பொய்ப்பழி சுமத்தப்பட்டு, ரைன் கரையெங்கும் அவர்கள் கொல்லப்பட்டார்கள். அச்சிறுவனைப் புனிதனாக்கி எழுப்பப்பட்ட ஆலயம் இது. அவனுடைய திருநாளை ட்ரியர் மறைமாவட்டம் தன் நாட்காட்டியிலிருந்து நீக்கியது 1963இல்தான். இதை அறிந்தபின் அந்த வெற்றுச் சன்னல்களை முன்போல் பார்க்க முடியாது.

இரவு தங்குவதானால் ஷ்டாலெக் கோட்டையிலேயே இளையோர் விடுதி இருக்கிறது. ஊருக்குள் தங்குவோர் ஆற்றை நோக்காத அறையைக் கேட்டுப் பெறுவது நல்லது. ஆற்றோரத் தண்டவாளத்தில் சரக்கு ரயில்கள் இரவிலும் ஓடும். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

திரும்பும்முன் சாங்க்ட் கோவார் என்ற ஊர் வரை படகில் செல்லுங்கள். ஆற்றின் நடுவே கௌப் சுங்கக் கோட்டையும், பிறகு 132 மீட்டர் உயர லோரலைப் பாறையும் கடந்து போகும். குளிர்காலத்தில் படகுகள் மிக அரிது. அப்போது ரயிலிலேயே அதே கரையோரம் செல்லலாம்.