வாக்கர் இருக்கிறது, யாருடைய உயரத்துக்கு?

முதியோர் இல்லங்களில் வராந்தா ஓரமாக நாலைந்து வாக்கர்களை மடித்துச் சாத்தி வைத்திருப்பார்கள். யாருக்காவது வேண்டுமென்றால் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுப்பது. முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகிற இடம் அதுதான். ஒருவர் கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டிவிட மாட்டோம், ஆனால் ஐந்தடிகூட இல்லாத பாட்டிக்கும் ஆறடித் தாத்தாவுக்கும் ஒரே வாக்கரைக் கொடுக்க யாருக்கும் தயக்கமே இருப்பதில்லை.

உயரம் பார்க்க அரை நிமிடம் போதும். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டின் மடிப்புக் கோடு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை லேசாக, 15 முதல் 30 டிகிரி வரை மடங்கியிருக்கும். கைப்பிடி தாழ்ந்திருந்தால் ஆள் கூனிக்கொண்டு நடப்பார், உயர்ந்திருந்தால் தோளைத் தூக்கிக்கொண்டு நடப்பார், உடம்பின் எடையை அதன்மேல் இறக்கவே முடியாது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கக் கால்களில் வரிசையாகத் துளைகள் இருக்கும், நான்கு காலும் ஒரே எண் துளையில் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரு கால் மட்டும் ஒரு துளை தள்ளி நின்று ஆடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒரு துண்டு பிளாஸ்திரியில் அவர் பெயரையும் துளை எண்ணையும் எழுதி வாக்கரில் ஒட்டிவிடுங்கள். இவ்வளவுதான் வேலை.

கைத்தடியில் எல்லோரும் செய்கிற தவறு, வலிக்கிற காலின் பக்கமே பிடிப்பது. எதிர்ப்பக்கக் கையில் பிடித்து, பலவீனமான காலோடு சேர்த்துத் தடியை ஊன்ற வேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால், ஈரத் தரையில் அந்தத் தடி ஆதாரமே இல்லை, வழுக்கிவிடுகிற சாமான்.

வீல்சேருக்கு வருவோம். உருட்டிக்கொண்டு போகும்போது ஆள் விழுவது குறைவு, ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், பிரேக் போட்டாயிற்று, பணியாளர் தட்டு எடுக்கத் திரும்புகிறார். அதற்குள் தாத்தா தானே எழுந்திருக்கப் பார்க்கிறார், இரண்டு காலும் இன்னும் கால்பலகை மேலேயே இருக்கின்றன. முன்பக்கம் எடை இறங்கியதும் நாற்காலி அப்படியே முன்னால் கவிழ்கிறது. பிரேக் மட்டும் போதாது, பலகையை மடக்கி ஒதுக்கி, இரு பாதமும் தரையில் பதிந்த பிறகுதான் எழ வேண்டும். உடலைச் சற்று முன்னுக்கு நகர்த்தி, நாற்காலியின் கைகளை ஊன்றி எழுவதே சரி. எதிரே நிற்கும் வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் வாக்கர்தான் ஆள்மேல் சாயும். நாம் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்குவதும் வேண்டாம், வயதானவர்களின் தோள்பட்டை அதைத் தாங்காது.

அந்த பிரேக்கிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சாதாரண வீல்சேரில் பிரேக் என்பது டயரின் மேல் அழுந்துகிற ஒரு கட்டைதான். காற்றடிக்கிற டயராக இருந்து காற்று குறைந்துபோனால் கட்டை சரியாக அழுந்தாது, நெம்புகோல் பூட்டிய மாதிரியே தெரியும், சக்கரம் மட்டும் நழுவும். வாரத்துக்கு ஒருமுறை காற்றைப் பார்த்துவிட்டு, பிரேக் போட்டபடி தள்ளியும் பாருங்கள்.

கட்டில் தடுப்புக் கம்பிகளைப் பற்றி ஒரு பிடிவாதமான நம்பிக்கை உண்டு: மாட்டிவிட்டால் விழமாட்டார். மறதிநோய் உள்ளவருக்கு அது சுவர் மாதிரிதான், இரவில் பாத்ரூம் போக அதைத் தாண்டப் பார்ப்பார், அப்போது விழுந்தால் படுக்கை உயரத்தோடு கம்பியின் உயரமும் சேர்ந்துவிடும். இன்னொரு ஆபத்து, கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே தலையோ கழுத்தோ மாட்டிக்கொள்வது, அதில் உயிர் போனதும் உண்டு. கம்பிகளுக்கிடையே 12 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது ஒரு பொது அளவு. காற்று மெத்தை போட்டால் ஓரம் அமுங்கி இடைவெளி இன்னும் பெரிதாகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பலருக்குக் கம்பியைவிட, கட்டிலைத் தாழ்த்தி வைத்து, பாத்ரூம் வரை மங்கலாக ஒரு விளக்கு எரியவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

பாத்ரூமில் துண்டு மாட்டும் கம்பி கைப்பிடி ஆகாது. சுவரில் அழுத்தினால் ரப்பர் உறிஞ்சியால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடியும் அப்படித்தான், காலையில் உறுதியாக இருக்கும், சாயங்காலம் கையோடு வந்துவிடும். சுவரில் துளைபோட்டு முடுக்கியதை மட்டும் நம்புங்கள். அழைப்பு மணியின் கயிறு தரைவரை தொங்க வேண்டும், விழுந்து கிடப்பவர் கையை நீட்டி இழுப்பதற்காகத்தான் அது அவ்வளவு நீளம். தரை துடைக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை மேலே சுருட்டி முடிச்சுப் போட்டுவிடுவார்கள், அப்புறம் அவிழ்க்க மறந்துபோவார்கள். இன்று உங்கள் இல்லத்துப் பாத்ரூம்களில் முதலில் இதைப் போய்ப் பாருங்கள்.

ஆளைத் தூக்கும் ஹாய்ஸ்ட் இருக்கும் இடங்களில், பிரேக்கைப் பூட்டிவிட்டுத் தூக்குவதுதான் பத்திரம் என்று நினைக்கிறார்கள். சக்கரம் வைத்த பெரும்பாலான ஹாய்ஸ்ட்களுக்கு அது நேர் எதிர், தூக்கும்போது அது தானாக நகர்ந்து எடைக்கு நேராக வர இடம் வேண்டும், அதனால் கருவியோடு வந்த கையேட்டைப் படித்துவிட்டுத் தொடுங்கள். படுக்கைப் புண்ணுக்கு வளையம்போன்ற மெத்தையில் உட்கார வைப்பதையும் விட்டுவிடுங்கள், சுற்றிலும் அழுத்தி நடுப்பகுதிக்கு ரத்தம் போகவிடாமல் செய்வது அதுதான்.

கடைசியாக ஒன்று. "வாக்கர் வாங்கிக் கொடுத்தும் பாட்டி எடுத்துக்கொண்டு போவதில்லை" என்று குறைப்படுவார்கள். ஒருநாள் கூடவே நடந்து பாருங்கள். பாத்ரூம் கதவு வாக்கரைவிட இரண்டு விரற்கடை குறுகலாக இருக்கும். அதை வெளியே விட்டுவிட்டு, சுவரைத் தடவித் தடவி உள்ளே போய், அந்தத் துண்டுக் கம்பியைத்தான் பிடித்துக்கொள்வார்.