விழுந்த மறுநாளே ஓட வேண்டாம்

வளைகுடாவில் வேலை போய்த் திரும்பி வந்தவர் பெட்டியை முழுசாகப் பிரித்திருக்கக்கூட மாட்டார், அதற்குள் வீட்டம்மா நகையை அடகு வைத்து பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார். கீழக்கரை, தொண்டி, ராமநாதபுரம் என்று நம் பக்கம் இது சர்வசாதாரணம். போட்டித் தேர்வில் கோட்டை விட்ட பையனும் அப்படித்தான், ரிசல்ட் வந்த வாரமே வேறொரு கோச்சிங்கில் பணம் கட்டிவிடுகிறான். பட்ட அவமானத்தை உடனே துடைத்தாக வேண்டும் என்ற இந்த அவசரம்தான் இருப்பதிலேயே பெரிய தவறு.

இதற்குப் பாதிக் காரணம் டீக்கடை. ‘என்ன தம்பி, அடுத்து என்ன?’ என்று நாலு பேர் கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறோம், அப்புறம் சொல்லிவிட்டோமே என்பதற்காகவே அதைச் செய்தும் தொலைக்கிறோம். ‘இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேண்ணே’ என்று சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்தது, அப்துல் கலாம் கதையைப் பாதியாகச் சொல்வது. 1979 ஆகஸ்ட் 10 அன்று கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது, அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், 1980 ஜூலை 18-ல் ராக்கெட் வெற்றி பெற்றதும் செய்தியாளர்களிடம் கலாமைப் பேசச் சொன்னார். இது ராமேஸ்வரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். விடுபடுவது அதற்கு முந்தைய கட்டம், அதையும் கலாமே சொல்லியிருக்கிறார்: 1979-ல் ஏவுவதற்குச் சற்று முன்னால் கோளாறு இருக்கிறது என்று கணினி நிறுத்தி வைத்தது, சமாளித்துவிடலாம் என்று நிபுணர்கள் சொன்னார்கள், அவர் கணினியை மீறி ஏவ முடிவெடுத்தார். இரண்டாம் கட்டத்தில் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்தது. அடுத்த முயற்சிக்கு 11 மாதத்துக்கு மேல் ஆயிற்று. எது எங்கே பழுதானது என்று குடைந்து பார்த்த அந்த மாதங்களை மேடையில் யாரும் பேசுவதில்லை, கைதட்டல் வராதே!

சரி, நிதானம் என்றால் சும்மா கிடப்பதா? அதுவும் தவறுதான், வேறு வகைத் தவறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபம், பாம்பன் பக்கம் போய்ப் பாருங்கள். கரையேற்றிய விசைப்படகுக்கு அடியில் ஒருவர் மல்லாந்து படுத்து, ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டிக்கொண்டிருப்பார், அவர் முகமெல்லாம் தூள் கொட்டும். சுரண்டிய பிறகுதான் எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்று தெரியும். தண்ணீரில் ஓடும்போது அதைப் பார்க்க வழியே கிடையாது. இன்னொன்று, தடைக்காலத்துக்கு முடிவு தேதி உண்டு. உங்கள் இடைவெளிக்கும் ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ‘கொஞ்ச நாள் போகட்டும்’ என்பது இரண்டு வருஷமாகிவிடும்.

எல்லாவற்றையும் கிரகத்தின் மேல் போடுவது இன்னொரு பழக்கம். தேவிபட்டினம் போய்க் கடலுக்குள் நவக்கிரகங்களாக நிற்கும் ஒன்பது கற்களை, அந்த நவபாஷாணத்தைச் சுற்றி வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, மனசு லேசாகும். வந்த பிறகு கடையின் கணக்கு நோட்டையும் ஒருமுறை பிரியுங்கள். மாத வாடகை எவ்வளவு, கடனாகக் கொடுத்த சரக்கு எவ்வளவு, அதில் திரும்பி வந்தது எவ்வளவு என்று எழுதிப் பார்த்தால் சனி பகவான் மேல் உள்ள வழக்கு பாதி தள்ளுபடியாகிவிடும்.

வட்டி ஓடிக்கொண்டிருப்பவரிடம் நிதானமாக இரு என்று சொல்வது சுலபம், தெரியும். தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளிகள் எல்லோரும் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதில்லை, தடை இல்லாத நாட்டுப்படகில் கூலிக்குப் போகிறவர்களும் உண்டு. அதுபோல அன்றாடச் செலவுக்குக் கிடைத்த வேலையைச் செய்யுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். புதுக் கடனையும் புதுக் கடையையும் மட்டும் குறித்த தேதி வரை தள்ளிப் போடுங்கள்.