ஆசிரியரைக் குறைக்கும் முன் பேருந்தைப் பாருங்கள்

பள்ளி மாவட்ட (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பட்ஜெட்டில் துண்டு விழுகிறதா? ஆசிரியர் பணியிடத்தில் கை வைக்குமுன் பேருந்துத் தடங்களைப் பாருங்கள். பெயர் கொடுத்துவிட்டு ஏறாத பிள்ளைகளுக்காகவும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் வண்டி நின்று போகும். அமெரிக்காவின் பாஸ்டனில் 2017-இல் தடம் வகுக்கப் போட்டியே வைத்தார்கள். அங்குள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்.ஐ.டி.) குழு வென்றது. ஆட்கள் வாரக்கணக்கில் போட்ட தடங்களை அவர்களின் கணினி நிரல் சுமார் அரை மணி நேரத்தில் போட்டுத் தந்தது. ஏறத்தாழ 50 பேருந்துகள் குறைந்தன. சுமார் 50 லட்சம் டாலர் மிச்சம்!

சரி, அதோடு விட்டார்களா? பள்ளி தொடங்கும், முடியும் நேரத்தையும் மாற்றப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகளை விடிந்ததும் விடியாததுமாக அனுப்பச் சொன்னால் யார் சும்மா இருப்பார்கள்? பெற்றோர் கொதித்ததும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நேரத்தில் கை வைப்பதாக இருந்தால், அறிவிக்கும் முன்பே பெற்றோரிடம் பேசிவிடுங்கள்.