பழைய தோட்டாக் கருவிகளை அடையாளம் காண்பது எப்படி

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பித்தளைச் சாமான்களைக் கிளறினால், என்னவென்றே தெரியாத ஏதாவது ஒன்று கைக்கு வரும். விற்பவர் "வெள்ளைக்காரன் காலத்துது சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அது டபுள் பேரல் துப்பாக்கிக்குத் தோட்டா அடைக்கும் கருவியாகவும் இருக்கலாம். ஏனென்றால் அந்தக் காலத்தில் சுட்டு முடித்த காகிதத் தோட்டாவை வீசிவிடாமல் வீட்டிலேயே திரும்ப நிரப்பிக்கொண்டவர்கள் நிறைய.

முக்கியமானது தோட்டாவின் வாயை மடிக்கும் கருவி. மேசை விளிம்பில் திருகி மாட்டும் பிடி, பக்கத்தில் சுற்றும் கைப்பிடி என்று பார்க்க சின்ன கறி அரைக்கும் மெஷின் மாதிரியே இருக்கும், அதனால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சுழலும் தலைக்குள் எட்டிப் பாருங்கள். வட்டக் குழியும் அதில் சிறு முளைகளும் இருந்தால் அதுதான். காகித விளிம்பை உள்பக்கமாகச் சுருட்டுவது அந்த முளைகளின் வேலை. 1960களில் பிளாஸ்டிக் தோட்டா வந்து, வாயை நட்சத்திரம்போல் மடிக்கும் முறையும் பரவிய பிறகு இதற்குத் தேவை குறைந்துபோனது.

அடுத்து அளவுக் கிண்ணம். பித்தளை, மரக் கைப்பிடி, நிறைய கருவிகளில் அளவைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். 2¾, 3, 3¼ என்று கோடுகள் இருந்தால் வெடிமருந்துக்கான டிராம். 1, 1⅛, 1¼ என்றால் ரவைக்கான, அதாவது தோட்டாவில் போடும் சிறு ஈயக் குண்டுகளுக்கான அவுன்ஸ். ஒரு டிராம் சுமார் 1.77 கிராம்தான், அவுன்ஸ் 28.35 கிராம்.

12, 16, 20 என்ற எண்கள் போர் (bore) அளவு, அதாவது துப்பாக்கிக் குழலின் உள் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தில் சம அளவாக 12 குண்டு வார்த்தால் ஒரு குண்டின் விட்டம் 18.5 மி.மீ., அதுதான் 12 போர். 16 என்றால் 16.8, 20 என்றால் 15.6. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் வைக்கும் தக்கையை வெட்டும் எஃகு உளியைத் தோல் வேலைக்காரர் உளி என்று தள்ளிவிடாமல் விட்டம் அளக்கும் காலிப்பரால் வாயை அளந்து பாருங்கள், 18.5 மி.மீ. அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட இருந்து, எண்ணும் பொறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

முத்திரையில் வரும் ஜேம்ஸ் டிக்சன், ஹாக்ஸ்லி இரண்டும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத் தயாரிப்பாளர்களின் பெயர்கள். ஆனால் முத்திரையை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள், தேய்மானம் கைபடும் இடங்களில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், மங்கிய எழுத்து அதோடு போய்விடும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தில் 'தோட்டா' என்பதற்குள் அதன் பாகங்களும் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும், எனவே வாங்கும் முன் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ வக்கீலிடமோ கேட்டுவிடுங்கள். குவியலில் நிரப்பிய தோட்டா கிடந்தால் தட்டிப் பார்க்காதீர்கள், பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போன் பண்ணுங்கள்.